வசிட்டர் வாயால்

“எத்தனை பட்டம் பெற்றால் என்ன, தம்பி? வசிட்டர் வாயால் பிரம்மரிஷி என்று வர வேண்டாமா?”

ஆசிரியர் அறையிலே இந்தச் சொல் காதில் விழாத கிழமை இல்லை. மேலதிகாரி ஒருவர் வகுப்பொன்றைப் பார்த்து நன்று என்று சொல்லிவிட்டால் இது. பாட்டுப் போட்டியிலே வித்துவான் தலையசைத்துவிட்டால் இது. பாராட்டுகிறவர் வசிட்டராகிவிடுகிறார், பாராட்டப்படுகிறவர் விசுவாமித்திரராகிவிடுகிறார். சொல்கிறவரும் சிரிக்கிறார், கேட்கிறவரும் சிரிக்கிறார். பழமொழிதானே என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பழமொழியின் வயிற்றுக்குள்ளே ஒரு சட்டப் புத்தகமே ஒளிந்து கிடக்கிறதே, அதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

என்னை எண்ணச் செய்தவர் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர். வடமொழியும் தென்மொழியும் கற்றவர். கற்றதை மறைக்காமல் வழங்குகிறவர். வருணத்தைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. “பிறப்பினால் உயர்வு தாழ்வு என்று யார் சொன்னது? விசுவாமித்திரரைப் பாருங்கள். பிறந்தது அரச குலம், தவத்தாலே பிராமணரானார். கதவு திறந்துதான் இருந்தது, தம்பி. நுழையத்தான் ஆள் இல்லை” என்றார்.

இது அவர் ஒருவருடைய வாதமன்று. மேடைகளிலே கேட்கிறோம், ஏடுகளிலே படிக்கிறோம். வருணம் குணத்தால் வந்தது, பிறப்பால் அன்று என்று நிலைநாட்ட விரும்பும் எவரும் முதலில் அழைத்து வரும் சாட்சி விசுவாமித்திரரே. சாட்சியைக் கூண்டிலே ஏற்றியபின் குறுக்கு விசாரணை செய்வது நம் கடமையன்றோ? ஆகவே ஏடுகளைப் புரட்டினேன்.

முதலில் வேதம். ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலம் விசுவாமித்திரர்க்கும் அவர் வழியினர்க்கும் உரியதென்பது மரபு. காயத்திரி என்று இன்று நாடறிந்த பாட்டும் அந்த மண்டலத்தில் உள்ளதுதான். அதிலே ஓர் அழகிய உரையாடல் உண்டு. விபாசும் சுதுத்திரியும், அதாவது இன்றைய பியாசும் சட்லெசும், பெருக்கெடுத்து ஓடுகின்றன. பரதர் கூட்டம் வண்டிகளோடு கரையிலே நிற்கிறது. குசிகன் மைந்தனாகிய புலவன் ஆறுகளைப் புகழ்ந்து வழிகேட்கிறான். ஆறுகள் மறுமொழி கூறி, பணிந்து, வழிவிடுகின்றன. ஆற்றோடு பேசும் கவிஞன்! பஞ்சாப் மண்ணின் நீரும் காற்றும் அதிலே வீசுகின்றன. புராணத்தை நான் மறுப்பவன். ஆனால் இந்தப் பாட்டைக் கவிதையல்ல என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

அந்த மண்டலம் முழுவதும் தேடிப் பாருங்கள். அரசனாயிருந்து முனிவரானவர் என்ற கதை இல்லை. பசுவுக்காகப் போர் இல்லை. பிராமணனாக வேண்டுமென்ற ஏக்கம் இல்லை. அவர் பாடுகிறார், சுதாசன் என்னும் மன்னனுக்காக வேள்வி நடத்துகிறார், அவ்வளவே. ஏழாம் மண்டலத்துக்கு வந்தால், அதே சுதாசனிடம் வசிட்டர் புரோகிதராய் இருக்கிறார். பத்து அரசர் போரிலே வென்றது தம் வேண்டுதலால்தான் என்று வசிட்டர் வழியினர் பாடுகிறார்கள். முன்னவர் போனார், பின்னவர் வந்தார். ஒரே அரசனின் கொடைக்கு இரண்டு புரோகிதக் குடும்பங்கள் போட்டியிட்டன என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவது இதைக் கொண்டுதான். பகை எவ்வளவு ஆழமானது தெரியுமா? மூன்றாம் மண்டலத்தின் சில அடிகள் வசிட்டரைச் சபிப்பவை என்று மரபு கொண்டது. நிருக்தத்துக்கு விளக்கம் எழுதிய துர்க்காசாரியார் அந்த இடம் வந்ததும், தாம் வசிட்டர் குலத்தவர், ஆதலால் இதற்குப் பொருள் சொல்லமாட்டேன் என்று எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்!

அம்பேத்கர் 1946-இல் வெளியிட்ட ‘சூத்திரர்கள் யார்?’ என்னும் நூலில் இந்தப் பகை விரிவாக ஆராயப்படுகிறது. சுதாசன் சூத்திரனே என்று அவர் கொள்ளும் முடிவு எனக்கு முழு நிறைவு தரவில்லை. சான்று போதாது என்பது என் எண்ணம். ஆனால் இதனை இரண்டு முனிவர்களின் கோபதாபக் கதையாகப் படிக்காமல், உரிமை யாருக்கு என்ற வழக்காகப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

வேதப் பாடல்களுக்குப் பின் எழுந்த ஐதரேய பிராமணத்திலே ஒரு கதை வருகிறது. நம் ஊர் மேடைகளிலே விடிய விடிய ஆடிய அரிச்சந்திரன் கதையிலே விசுவாமித்திரர் கொடியவர், அரிச்சந்திரன் பொய்யே பேசாத புண்ணியன். ஐதரேயத்தைத் திறந்தால் எல்லாம் தலைகீழ். நூறு மனைவியர் இருந்தும் பிள்ளையில்லாத அரிச்சந்திரன், மகன் பிறந்தால் அவனையே உனக்குப் பலியிடுகிறேன் என்று வருணனிடம் வாக்களிக்கிறான். மகன் பிறந்ததும் தவணை சொல்லத் தொடங்குகிறான். பத்து நாள் ஆகட்டும்; பல் முளைக்கட்டும்; பல் விழட்டும்; மறுபடி முளைக்கட்டும்; வில்லெடுக்கும் வயது வரட்டும்! வாக்குத் தவறாத வள்ளலின் முதல் வரலாறு இது. வளர்ந்த மகன் உரோகிதன் காட்டுக்கு ஓடிவிடுகிறான். தந்தைக்கு மகோதரம் காண்கிறது. காட்டிலே பட்டினி கிடக்கும் அஜீகர்த்தன் என்னும் முனிவனை உரோகிதன் காண்கிறான். உன் பிள்ளைகளில் ஒருவனை எனக்குப் பதிலாகக் கொடு, நூறு பசு தருகிறேன் என்கிறான். மூத்தவனைத் தரமாட்டேன் என்கிறான் தகப்பன். இளையவனைத் தரமாட்டேன் என்கிறாள் தாய். நடுப்பிள்ளை சுனச்சேபன் விலைபோகிறான்.

வேள்வி தொடங்குகிறது. கம்பத்திலே கட்ட எவரும் முன்வரவில்லை. இன்னும் நூறு பசு கொடுங்கள், நானே கட்டுகிறேன் என்கிறான் பெற்ற தகப்பன். வெட்டவும் ஆள் இல்லை. மேலும் நூறு கொடுங்கள் என்று கத்தி தீட்டிக்கொண்டு வருகிறான். முந்நூறு பசு, ஒரு பிள்ளை. சிறுவன் தேவர்களை வேண்ட, கட்டு அவிழ்கிறது, பிழைக்கிறான். மறுபடி வா மகனே என்று அழைத்த அஜீகர்த்தனை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே சென்று அமர்ந்தது விசுவாமித்திரர் மடியிலே. அவர் அவனைத் தம் மூத்த மகனாக ஏற்றுக்கொண்டார்.

தோழர்களே, இந்த வேள்வியிலே யார் யார் எந்த இருக்கையில் இருந்தார்கள் என்பதையும் அந்த ஏடு சொல்கிறது. விசுவாமித்திரர் ஹோதா, ஜமதக்னி அத்வர்யு, வசிட்டர் பிரம்மா, அயாஸ்யர் உத்காதா. அதே கதையிலே சுனச்சேபன் விசுவாமித்திரரை அரச மைந்தரே என்று விளிக்கிறான். அரச மைந்தர், ஆயினும் ஹோதா! பக்கத்து இருக்கையில் வசிட்டர். யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. இது எப்படி அடுக்கும் என்று எவரும் வியக்கவும் இல்லை. வியப்பதற்கு அக்காலத்தில் காரணம் இருக்கவில்லை.

கதையின் வால் கசப்பானது. அதை மறைத்துவிட்டு முனிவரைப் புகழ நான் விரும்பவில்லை. அவருக்கு 101 மக்கள். விலைக்கு வந்தவனை மூத்தவனாக ஏற்கமாட்டோம் என்று ஐம்பது பேர் மறுத்தார்களாம். உங்கள் வழியினர் எல்லைப்புறத்தை அடைக என்று சபித்தாராம். அவர்களே ஆந்திரர், புண்டரர், சபரர், புளிந்தர், மூதிபர் ஆனார்களாம்! தங்கள் வேள்விக்கு வெளியே வாழ்ந்த மக்களை எல்லாம் சபிக்கப்பட்ட பிள்ளைகள் என்று ஒரே வரியில் கணக்குத் தீர்த்துவிட்ட சாமர்த்தியத்தை என்னென்பது! ஓர் இனம் இருப்பதற்கே ஒரு சாபம் காரணமாக வேண்டியிருக்கிறது.

இனி இராமாயணத்துக்கு வருவோம். இங்கேதான் நாமறிந்த விசுவாமித்திரர் பிறக்கிறார். பால காண்டத்திலே, மிதிலையில், சதானந்தர் இராமனுக்குச் சொல்லும் கதை. காதியின் மகனான மன்னன் விசுவாமித்திரன் படையோடு வசிட்டர் ஆசிரமம் வருகிறான். சபலை என்னும் பசு படை முழுவதற்கும் விருந்து படைக்கிறது. பசுவைக் கேட்கிறான், முனிவர் மறுக்கிறார், பறிக்கப் பார்க்கிறான். பசு படைகளைத் தோற்றுவிக்கிறது: பகலவர், சகர், யவனர், காம்போசர். சகரும் யவனரும் இந்நாட்டின் வடமேற்கிலே ஆண்ட காலம் எது என்று வரலாறு படித்த மாணவனைக் கேளுங்கள். இந்தக் கதை எழுதப்பட்ட காலத்தைப் பசுவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மன்னனின் மக்கள் நூறு பேர் முனிவரின் மூச்சிலே சாம்பலாகிறார்கள். வசிட்டர் ஊன்றிய ஒரு கோல் வானத்து ஆயுதங்களையெல்லாம் விழுங்கிவிடுகிறது. அரசனின் வலிமை வலிமையன்று, பிராமணனின் வலிமையே வலிமை என்று தோற்றவன் தன் வாயாலேயே சொல்லும்படி கதை அமைக்கப்பட்டிருக்கிறது. கதையின் நோக்கத்தைக் கண்டுபிடிக்க வேறு ஆராய்ச்சியும் வேண்டுமோ?

பிறகு தவம். தெற்கே ஆயிரம் ஆண்டு; கிடைத்த பட்டம் இராஜரிஷி. போதவில்லை. மேற்கே போனார், ரிஷி. மேனகை வந்தாள், பத்தாண்டு போயிற்று. வடக்கே போனார், மகரிஷி. ரம்பை வந்தாள், சினம் வந்தது, சேர்த்தது கரைந்தது. கிழக்கே போய்ப் பேசாமல் ஆயிரம் ஆண்டு இருந்தார். நான்கு திசையும் அலைந்தபின் நான்முகனே வந்து பிரம்மரிஷி என்றான். போதுமா? போதவில்லை! வசிட்டர் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார் விசுவாமித்திரர். படைத்தவன் கொடுத்த பட்டத்துக்கும் பக்கத்து ஆசிரமத்து முத்திரை வேண்டும். வசிட்டர் வந்தார், சொன்னார். நம் பழமொழி பிறந்தது.

இடையிலே திரிசங்கு கதை. உடலோடு வானுலகு செல்ல விரும்பிய மன்னன். வசிட்டரின் மக்களால் சண்டாளனாகச் சபிக்கப்பட்டவன். அவனுக்காக விசுவாமித்திரர் வேள்வி தொடங்கியபோது வசிட்டரின் மக்கள் எழுப்பிய தடை என்ன? வேட்பிப்பவன் சத்திரியன், வேட்பவன் சண்டாளன். அந்த அவியைத் தேவர் எப்படி உண்பர்? ஐதரேயத்திலே ஹோதாவாக அமர்ந்த அதே மனிதர்தாம்! அன்று இல்லாத தீட்டு இன்று எங்கிருந்து வந்தது? மனிதர் மாறவில்லை, இடையிலே வேலி எழுந்துவிட்டது. மூத்த ஆசிரியர் சொன்ன திறந்த கதவு, வேலியே இல்லாத காலத்து வெளி. வேலி எழுந்தபின், உள்ளே நின்ற பழைய புலவர் எப்படி உள்ளே வந்தார் என்பதற்கு ஒரு கதை தேவைப்பட்டது. அந்தக் கதையே தவம்.

அந்தக் கதையும் அவர்களுக்கு நிம்மதி தரவில்லை என்பதுதான் வேடிக்கை. தவத்தால் ஒருவன் ஏறலாம் என்றால் நாளை இன்னொருவன் ஏறுவானே! மகாபாரதத்தின் அனுசாசன பருவத்திலே தருமன் பீஷ்மரிடம் நேராகவே கேட்கிறான்: பிற வருணத்தார்க்கு எட்டாத பிராமணத் தன்மை விசுவாமித்திரர்க்கு எப்படிக் கிட்டியது? பீஷ்மர் தவத்தைக் காட்டவில்லை; சோற்றைக் காட்டுகிறார்! காதியின் மகள் சத்தியவதியை ரிசீகர் என்னும் பிருகு குலத்து முனிவர் மணந்தார். பரிசம் ஆயிரம் குதிரை. உடல் வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. மனைவிக்கும் மாமியார்க்கும் பிள்ளை பிறக்கத் தனித்தனியே ‘சரு’ என்னும் வேள்விச் சோறு ஆக்கித் தந்தார். தாயும் மகளும் மாற்றி உண்டுவிட்டார்கள். முனிவர் மனைவிக்கு உரிய சோறு அரசியின் வயிற்றுக்குள் போனது, விசுவாமித்திரர் பிறந்தார். ஆக, அவர் பிராமணரானது தவத்தால் அன்று. பிராமண வித்து முன்னரே உள்ளே இருந்ததாம்! தவத்தால் திறந்த கதவைச் சோற்றுப் பானையை வைத்து அடைத்தாயிற்று.

இதை வகுப்பிலே கதையாகச் சொன்னேன். பின் பலகையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, விசுவாமித்திரர் இராசா. இராசாவாக இல்லாதவர் அதே தவத்தைச் செய்திருந்தால்?”

அன்று விடை சொல்ல முடியாமல் நின்றேன். சம்புகன் நினைவுக்கு வந்தான். உத்தர காண்டத்திலே தவம் செய்த சூத்திரன், இராமன் வாளால் தலையிழந்தவன். ஆனால் உத்தர காண்டம் இடைச்செருகல் என்று தப்பிக்க அவர்களுக்கு வழியுண்டு. வேறு சான்று வேண்டும் என்று தேடினேன். கிடைத்தது; அதே அனுசாசன பருவத்திலேயே கிடைத்தது.

மதங்கன் என்றொருவன். பிராமணக் குடும்பத்திலே பிராமணப் பிள்ளையாகவே வளர்ந்தவன். வேள்விக்கு வண்டி ஓட்டிப் போகையிலே கழுதைக் குட்டியை முள்ளுக்கோலால் குத்துகிறான். தாய்க் கழுதை தன் குட்டியிடம், வருந்தாதே, இவன் சண்டாளன், பிராமணன் இப்படிச் செய்யமாட்டான் என்று சொல்கிறது. பிராமணத்தி வயிற்றிலே நாவிதனுக்குப் பிறந்தவன் நீ என்ற உண்மை கழுதை வாயால் அவனுக்குத் தெரிகிறது. காட்டுக்குப் போகிறான், தவம் செய்கிறான். இந்திரன் வந்து எது வேண்டுமானாலும் கேள் என்கிறான். பிராமணத் தன்மை வேண்டும் என்கிறான் மதங்கன். அது மட்டும் இல்லை! நூறாண்டு ஒற்றைக் காலில் நிற்கிறான். இல்லை. மேலும் நிற்கிறான், எலும்பும் தோலுமாகி விழுகிறான். இல்லை. பிறவிமேல் பிறவியாக ஆயிரமாயிரம் ஆண்டு கழிய வேண்டும் என்று இந்திரன் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். முடிவிலே பெண்டிர் வணங்கும் ஒரு தேவதையாக இரு என்று வேறு வரம் தந்து அனுப்புகிறான். தேவனாகலாம், பிராமணனாகக் கூடாது!

அடுத்து வரும் கதையையும் படியுங்கள். வீதஹவ்யன் என்னும் மன்னன் போரிலே தோற்று, பகைவனுக்கு அஞ்சிப் பிருகு முனிவரின் ஆசிரமத்தில் ஒளிகிறான். துரத்தி வந்தவன் கேட்கிறான். இங்கே சத்திரியன் எவனும் இல்லை, எல்லாரும் பிராமணரே என்கிறார் பிருகு. அவ்வளவுதான், அந்த ஒரு சொல்லாலே வீதஹவ்யன் பிராமணனாகிவிட்டான். தவம் இல்லை, ஒற்றைக் கால் இல்லை, ஆயிரம் ஆண்டு இல்லை. ஒளிந்த அரசனுக்கு ஒரு நொடி. உழைத்த நாவிதன் மகனுக்கு ஊழிக்காலமும் போதவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அந்த ஏட்டாசிரியர் அறிந்து செய்தாரோ, அறியாமல் செய்தாரோ, என் மாணவனுக்கு விடை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாயிறைச்சிக் கதையையும் தொட்டுவிடுகிறேன். சாந்தி பருவத்திலே பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். பசித்த விசுவாமித்திரர் இரவிலே சண்டாளர் சேரிக்குள் புகுந்து நாயின் தொடை ஒன்றைத் திருடுகிறார். வீட்டுக்காரன் விழித்துக்கொள்கிறான். திருடனென்று அடிக்கவில்லை, ஐயா, இது உமக்கு ஆகாதே, உம் தருமம் கெடுமே என்று மன்றாடுகிறான். உயிர் இருந்தால்தான் தருமம் என்று வாதாடி முனிவர் எடுத்துச் செல்கிறார். அந்த வாதம் மிகச் சரியான வாதம்; பசியை அறிந்தவன் எவனும் மறுக்கமாட்டான். மனுவும் பத்தாம் அத்தியாயத்தில் இதைக் குறிப்பிட்டு, ஆபத்திலே முனிவர்க்குப் பாவமில்லை என்கிறார். மகனைக் கொல்லத் துணிந்த அஜீகர்த்தனையும் அதே பட்டியலில் சேர்த்து விடுவிக்கிறார். அதே அத்தியாயத்திலேதான் சண்டாளன் ஊருக்கு வெளியே வாழ வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு வேளை நாயிறைச்சி தேடியவர் தூயவர். அவருக்கு அறம் சொன்னவன் ஆயுளுக்கும் தீட்டு. மழை பெய்தது, பஞ்சம் தீர்ந்தது. அந்தச் சண்டாளனின் பெயரைக் கூட ஏடு குறித்து வைக்கவில்லை.

விசுவாமித்திரரின் பாட்டுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். பாரஸ்கரர் பெயரால் வழங்கும் கிருஹ்ய சூத்திரம் பூணூல் சடங்கிலே பிராமணச் சிறுவனுக்குக் காயத்திரி யாப்பிலும், அரச குலச் சிறுவனுக்குத் திரிஷ்டுப் யாப்பிலும், வைசியச் சிறுவனுக்கு ஜகதி யாப்பிலும் சாவித்திரியை ஓதிக்கொடுக்கச் சொல்கிறது. எல்லார்க்கும் காயத்திரியே கொடுக்கலாம் என்றும் ஒரு விருப்பம் உண்டு; நேர்மையோடு அதையும் சொல்கிறேன். அந்த எல்லாரிலே நான்காம் வருணத்தான் இல்லை. முதல் விதிப்படி பார்த்தால், அரச குலத்தில் பிறந்த விசுவாமித்திரர் தாம் பாடிய பாட்டைத் தாமே ஓதப் பெறமாட்டார்!

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு மூத்த ஆசிரியரிடம் போனேன். பொறுமையோடு கேட்டார். தவக் கதையைச் சொன்னபோது தலையசைத்தார். சருவைச் சொன்னபோது சிரித்தார். மதங்கனைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. “அது எந்தப் பருவம் என்றீர்கள், தம்பி?” என்று கேட்டார். சொன்னேன். ஏட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார்; மணி அடித்தது. “வீட்டில் நிதானமாகப் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று ஏட்டைக் கையிலெடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். மூன்று வாரம் ஆகிறது. ஏடு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நானும் கேட்கவில்லை.